அந்தி வெயிலும் வைட் லென்ஸும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சாயங்கால வெளிச்சத்தில் வைட் ஆங்கிள் லென்ஸால் நிலக்காட்சி எடுப்பதைப் பற்றியவை. கீழே வரும் லென்ஸ் அளவுகள் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கானவை. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருப்பவர்கள் இந்த அளவுகளை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 16-35 லென்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கண்ணெதிரே ஓங்கி நின்ற மலை, படத்தில் கரையான் புற்று மாதிரி தெரிகிறது. சூரியன் வெறும் பொட்டு. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. 16 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 107 டிகிரி அகலத்தை ஒரே படத்தில் அடைக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் அது 0.15 மி.மீ. புள்ளியாக விழும். அதே சூரியன் 200 மி.மீ. லென்ஸில் கிட்டத்தட்ட 2 மி.மீ. வரும். ஆகவே பெரிய சூரியனும் பெரிய மலையும் வேண்டும் என்றால் நீள லென்ஸை எடுங்கள். வைட் லென்ஸ் பெரிதாக்குவது பக்கத்தில் இருப்பதை.

அந்தப் பக்கத்துப் பொருள்தான் படத்தின் உயிர். ஒரு பாறை வெடிப்பு, மணல் அலை, புல் கொத்து என்று ஏதாவது ஒன்று லென்ஸிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் இருக்கவேண்டும். ட்ரைபாடை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அந்தப் பொருளை நோக்கி ஒரு சாண் முன்னே போய்ப் பாருங்கள். பாறை சட்டென்று வளரும்; மலை அப்படியே இருக்கும். நான்கு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு சாண் நகர்வதால் ஒன்றும் மாறாது. வைட் லென்ஸில் காட்சி அமைப்பது என்பது பெரும்பாலும் இந்தச் சாண் கணக்குதான்.

மலையைக் கொஞ்சம் மீட்கவும் வழி உண்டு. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, லேசாகக் கீழே சாய்த்து, மலை மேல்விளிம்புக்கு அருகில் வருமாறு வையுங்கள். வைட் லென்ஸ் ஓரங்களை இழுக்கும் என்பதால் மலை உயர்ந்து தெரியும். அளவு மீறிச் சாய்த்தால் இரு பக்கத்து மரங்களும் வெளிப்பக்கம் சாயத் தொடங்கும். அதற்கு முன் நிறுத்துங்கள்.

வெயில் பக்கவாட்டிலிருந்து வரட்டும். சூரியன் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரியில் நிற்கும்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல். 5 டிகிரிக்கு இறங்கினால் பதினோரு மடங்கைத் தாண்டும். 10 செ.மீ. கல் ஒன்றின் நிழல் 57 செ.மீ.யிலிருந்து 1 மீட்டர் 14 செ.மீ.க்கு நீள்கிறது. பூமத்தியரேகைப் பக்கம் இது இருபதே நிமிடத்தில் நடந்துவிடும். மணலின் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்பது அந்த நேரத்தில்தான். பக்கத்துப் பாறையின் நிழல் வந்து உங்கள் முன்னணிப் பொருளை மூடிவிடுவதும் அப்போதுதான். அதனால் ஒரு மணி நேரம் முன்பே போய், எந்த நிழல் எந்தப் பக்கம் நீளப்போகிறது என்று பார்த்து இடம் பிடியுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் உங்கள் நிழலும் ட்ரைபாட் நிழலும் படத்துக்குள் வந்தே தீரும்.

முன்னால் சொல்லும்படி எதுவும் இல்லாத இடத்தில் 16 மி.மீ. வீண். 35க்கோ 70க்கோ மாறிவிடுங்கள்.

கேள்வி: வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் தரை கரி. தரைக்கு வைத்தால் வானம் வெள்ளைத் தாள். கிராஜுவேட்டட் ஃபில்டர் வாங்கலாமா?

பதில்: அடிவானம் நேர்கோடாக இருக்கும் கடல், சமவெளி போன்ற இடங்களில் மேல்பாதி மட்டும் கறுத்த அந்த ஃபில்டர் அருமையாக உதவும். குறுக்கே மலையோ மரமோ நீட்டிக்கொண்டிருந்தால் அதன் தலையையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும். முன்கண்ணாடி புடைத்த லென்ஸ்களில் சாதாரண 100 மி.மீ. ஹோல்டர் பொருந்தாது, 150 மி.மீ. செட் வேண்டியிருக்கும், சுமையும் கூடும். எங்கள் ஓட்டு பிராக்கெட்டிங்குக்கு, அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்துப் பிறகு இணைப்பதற்கு. ட்ரைபாடில் வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) மாற்றாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி) இடைவெளியில் மூன்று படம். சூரியன் நேராகச் சட்டத்துக்குள் இருந்தால் ஐந்து. எல்லாம் ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) இருக்கட்டும்.

ஒரே படத்தில் முடிக்க விரும்பினால் வானத்தைக் காப்பாற்றுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-ல் எடுத்த ரா ஃபைலில் நிழலிலிருந்து இரண்டு, மூன்று ஸ்டாப் தூக்கலாம். வெளுத்துப்போன வானத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஹிஸ்டோகிராம், அதாவது இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடம். கேமரா முதலில் காட்டுவது மொத்த வெளிச்சத்தின் வரைபடம். அதில் பச்சைக்குத்தான் எடை அதிகம். அந்தி வானத்தில் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. மொத்த வரைபடம் பத்திரமாகத் தெரியும்போதே சிவப்பு வலது சுவரில் முட்டியிருக்கும். அதன் விளைவாகச் சூரியனைச் சுற்றியுள்ள ஆரஞ்சு, தட்டையான மஞ்சள் திட்டாக மாறிவிடும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு சுவரைத் தொடாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். சூரியத் தட்டு மட்டும் வெள்ளையானால் கவலை வேண்டாம், கண்ணுக்கும் அது அப்படித்தான்.

கேள்வி: சூரியனை வைத்து எடுத்தால் பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள் வரிசையாக விழுகின்றன. ஹூட் போட்டும் போகவில்லை.

பதில்: சூரியன் சட்டத்துக்குள்ளேயே இருக்கும்போது ஹூட் ஒன்றும் செய்யாது. முதலில் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒரு பிரதிபலிப்பைக் கூட்டும். பிறகு முன்கண்ணாடியைச் சாய்த்து வெயிலில் பாருங்கள். விரல் ரேகை, தூசி, கடற்கரையானால் உப்புத் துளி, எல்லாம் பளிச்சென்று தெரியும். ஊதுபந்தால் தூசியைத் தள்ளிவிட்டுத்தான் துணியைத் தொடவேண்டும். மணலோடு துடைத்தால் கோட்டிங் கீறும்.

அதற்குப் பிறகும் மிஞ்சும் வட்டங்களுக்கு ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. ட்ரைபாடில் ஒரே எக்ஸ்போஷரில் இரண்டு படம் எடுங்கள். இரண்டாவதில் கையை நீட்டி, சூரியன் மட்டும் மறையும்படி விரலைப் பிடியுங்கள். வட்டங்கள் காணாமல் போகும். கணினியில் இரண்டையும் லேயராக அடுக்கி, விரல் இருக்கும் இடத்தில் மட்டும் முதல் படத்தைத் தெரியவிட்டால் போதும். விரலை லைவ் வியூ திரையைப் பார்த்தே வையுங்கள். ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

நட்சத்திரக் கதிர் வேண்டுமென்றால் எஃப்/16 என்ற சிறிய துளை வைத்து, பாறை விளிம்பிலோ கிளை இடுக்கிலோ சூரியன் பாதி ஒளிந்து நிற்கும் கணத்தில் எடுங்கள். அப்பர்ச்சர் இதழ்கள் இரட்டைப்படையானால் அதே எண்ணிக்கையில் கதிர் வரும். ஒற்றைப்படையானால் இரண்டு மடங்கு. 8 இதழுக்கு 8 கதிர், 9 இதழுக்கு 18.

கேள்வி: போலரைசர் மாட்டினால் நீல வானத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழுகிறதே?

பதில்: சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பகுதியில்தான் வான ஒளி மிக அதிகமாகப் போலரைஸ் ஆகியிருக்கும், அதாவது ஒரே திசையில் அதிரும்; போலரைசர் ஃபில்டர் தடுப்பது அந்த ஒளியைத்தான். நீள லென்ஸ் அதில் ஒரு துண்டை மட்டும் பார்ப்பதால் வானம் சீராகத் தெரிகிறது. வைட் லென்ஸ் பட்டையையும் அதன் இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறது. 24 மி.மீ.க்குக் கீழே தெளிந்த வானம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஈரப்பாறை, நீர்ப்பரப்பு, இலைகளின் பளபளப்பு ஆகியவற்றைக் குறைக்க, வானம் அதிகம் வராத காட்சியில் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: முன்னால் உள்ள கல்லும் வேண்டும், தூரத்து மலையும் வேண்டும். எஃப்/22 வைத்தால் இரண்டுமே மந்தமாக வருகின்றன. எங்கே ஃபோகஸ் செய்வது?

பதில்: எஃப்/22-வில், மிகச் சிறிய துளையில் ஒளி விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் படம் முழுவதையும் மழுக்கும். எஃப்/11-க்கு வாருங்கள். அதில் ஹைப்பர்ஃபோகல் தூரம் 16 மி.மீ.க்குச் சுமார் 80 செ.மீ., 20 மி.மீ.க்கு 1.25 மீட்டர், 24 மி.மீ.க்கு 1.8 மீட்டர். அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதித் தூரம் முதல் முடிவிலி வரை கூர்மை கிடைக்கும். இது சாதாரண அளவில் பார்க்கும் படத்துக்கான கணக்கு. பெரிதாக அச்சடித்தால் மலை சற்றே கரைந்து தெரியும். அப்படி அச்சடிப்பதாக இருந்தால் 16 மி.மீ.யில் 1.2 மீட்டருக்குத் தள்ளிவையுங்கள், 60 செ.மீ. முதல் தெளிவாக இருக்கும். இரண்டையும் எடுத்து, திரையில் கல்லின் முன்விளிம்பையும் மலை முகட்டையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது உத்தமம். லென்ஸில் உள்ள தூர அளவு சென்சாரிலிருந்து கணக்கிடப்படுவது, முன்கண்ணாடியிலிருந்து அல்ல என்பது நினைவிருக்கட்டும்.

கல் 30 செ.மீ.யில் இருந்தால் ஒரு படத்தில் முடியாது. கல்லுக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என மூன்று எடுத்து அடுக்குங்கள். வெயில் மாறிக்கொண்டே இருப்பதால் மூன்றையும் மளமளவென்று முடிக்கவேண்டும்.

கேள்வி: நேரில் பார்த்த பொன்நிறம் படத்தில் வருவதில்லை.

பதில்: நிறத்தைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. டேலைட்டில், அதாவது சுமார் 5,200 முதல் 5,500 கெல்வினில் பூட்டுங்கள். வெயில் படாத நிழல்கள் நீலம் தட்டும், அதைத் திருத்தாதீர்கள். பொன்னை எடுத்துக்காட்டுவதே அந்த நீலம்தான்.

கேள்வி: கடலின் அடிவானம் வில் மாதிரி வளைகிறது. மூலையில் உள்ள உருண்டைக் கல் முட்டையாகிவிடுகிறது.

பதில்: இவை இரண்டும் வேறு வேறு. வளைவு லென்ஸின் பிழை. அடிவானம் சட்டத்தின் நடுவே போனால் தெரியாது, மேலே ஏற ஏற வளையும். எடிட்டிங் மென்பொருளில் அந்தந்த லென்ஸுக்கென்று உள்ள திருத்தமான லென்ஸ் புரொஃபைலைப் போட்டுச் சரிசெய்யலாம். சில லென்ஸ்களில் கோடு மீசை போல நெளியும், அதற்கு ஒற்றை ஸ்லைடர் போதாது, புரொஃபைலே வேண்டும். முட்டையாவது அகலக் கோணத்தைத் தட்டையான சென்சாரில் விரிப்பதால் வருவது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் வரும். உருண்டைக் கல்லையும் மனிதர்களையும் மூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நீண்ட நிழல், பாறை வெடிப்பு, வரப்பு போன்ற கோடுகளை மூலைக்கு விடுங்கள். இழுபட்டால் அவற்றுக்கு அழகுதான்.

கேள்வி: சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடலாமா?

பதில்: தயவுசெய்து இருங்கள். மேகங்களுக்கு அடியிலிருந்து ஒளி விழுவது மறைந்த பிறகுதான். சூரியன் 6 டிகிரி கீழே போகும்வரை வண்ணம் இருக்கும். பூமத்தியரேகைக்கு அருகே அது 20, 25 நிமிடம். துருவப் பக்கம் போகப் போக நீளும். ஒருமுறை திரும்பி எதிர்த்திசையையும் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் பூமியின் நிழல் சாம்பல் நீலப் பட்டையாக எழும்பும், அதன்மேல் ரோஜா நிறப் பட்டை படர்ந்திருக்கும். வைட் லென்ஸுக்கென்றே அமைந்த காட்சி அது.

வெளிச்சம் சில நிமிடங்களுக்கு ஒரு ஸ்டாப் வீதம் இறங்கும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஷட்டரை நீட்டுங்கள். ட்ரைபாடில் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, 2 விநாடி டைமர் வையுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். அது இயங்கினால் 30 விநாடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 30 விநாடி கேமரா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்; அதற்குள் ரோஜா நிறம் போய்விடும். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள், பின்னாலிருந்து ஒளி கசியும். காற்று அடித்தால் புல்லுக்கு மட்டும் ஐஎஸ்ஓ 800 வைத்து வேகமான ஷட்டரில் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு இணைக்கலாம். குளிரத் தொடங்கியதும் முன்கண்ணாடியில் பனி படியும். திரையில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துக் கண்ணாடியையே பாருங்கள்.