மலைக்குளிரில் கிளம்பாத காருக்கு

ஏலகிரியில் இரவு நிறுத்திய கார் காலையில் 'டக் டக்' என்ற ஓசையோடு நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். குளிரை மட்டும் குறை சொல்ல முடியாது. வேலூரின் அக்கினி நட்சத்திர வெயில் பேட்டரியை முன்பே நலிவடையச் செய்திருக்கும், குளிரில் அதன் வேதிவினை மந்தமாகி, எஞ்சின் ஆயிலும் தடிப்பதால் அந்த நலிவு இப்போது வெளிப்படுகிறது. கடைக்காரர் புதியது வாங்கச் சொல்வார், அவசரப்படாதீர்கள். முதலில் கருப்பு வயரையும் பிறகு சிவப்பையும் கழற்றி, முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியை வெந்நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து இறுக்குங்கள்.

மறுநாள் காலையில், காரைக் கிளப்பும் முன் மல்டிமீட்டரால் (வோல்ட் அளக்கும் கருவி) பேட்டரியை அளந்தால், 12.6 வோல்ட் என்பது முழுச் சார்ஜ். முழுச் சார்ஜிலும் சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

அதுவரை வேறொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க ஜம்பர் கேபிள் போடுவதானால், கடைசியாக மாட்டும் கருப்புக் கேபிள் முனையை உங்கள் எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியருகே பொறி பறந்தால் அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடும்.