மூக்கில் மாஸ்க், தலையில் மங்கி கேப்: டில்லித் தமிழர்களுக்கு சிபேப் கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை. டில்லியில் ஒரு ஸ்லீப் லேபில் டெக்னீஷியன். மற்றவர்கள் தூங்குவதை ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா. அதற்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, மூச்சு வழியைத் திறந்து வைக்கும் மிஷின்தான் சிபேப். மாஸ்க், டியூப், தண்ணீர், காற்று பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். பிரஷரை மாற்றுவது, மாத்திரையை நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் பாடு. விலை கேட்காதீர்கள், நான் கடை வைத்திருக்கவில்லை.

முனிர்க்கா, வயது 52: ஏ.ஹெச்.ஐ. 41 என்று ரிப்போர்ட். மிஷின் போன வாரம் வந்தது. மாஸ்க் போட்டுப் படுத்தால் யாரோ தலையணையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது. நடு ராத்திரி பிடுங்கி எறிந்துவிடுகிறேன். எனக்கு இது ஒத்துவராதா அக்கா?

பதில்: ஒத்துவரும். 41 என்றால் தூக்கத்தில் மணிக்கு 41 முறை உங்கள் மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது, ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடி. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்று கணக்கு. ஆக, அந்தத் தலையணை அமுக்கல் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் மிஷின் வந்த அன்று ராத்திரியே, களைத்துப் போய், லைட்டை அணைத்துவிட்டு மாட்டிப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். பகலில் ஆரம்பியுங்கள். ஹாலில் உட்கார்ந்து, டியூபை இணைக்காமல், வெறும் மாஸ்கை முகத்தில் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டை போட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்தால் மனசு அடங்கும். அடுத்து டியூபை மாட்டி, காற்றை ஓடவிட்டு, சீரியல் ஒன்று முடியும்வரை போட்டுக்கொண்டிருங்கள். அதற்கப்புறம் மத்தியானக் குட்டித் தூக்கம். கடைசியில்தான் ராத்திரி. சிலருக்கு இது நாலு நாளில் முடியும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். இரண்டும் சகஜம்.

டியூப் மாட்டிய பிறகு எப்போதும் முதலில் காற்று, பிறகு முகம். மிஷின் ஓடாமல் மாஸ்கை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

ராம்ப் என்று ஒன்று உண்டு. பிரஷர் குறைவாக ஆரம்பித்து மெல்ல ஏறும். பெரும்பாலும் 4-இல் ஆரம்பிக்கும். சில பேருக்கு, அதுவும் உடம்பு பெரியவர்களுக்கு, அந்த 4 போதாது. காற்றே வரவில்லை என்று திணறுவார்கள். உங்கள் தலையணை சமாச்சாரம் அதுவாகவே இருக்கலாம். ஆரம்ப அளவைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூச்சு விடும்போது எதிர்த்துத் தள்ளுகிறது என்றால் அது வேறு. அதற்கு, விடும் மூச்சில் பிரஷரைத் தணிக்கும் வசதி பல மிஷின்களில் இருக்கிறது. இழுக்கும்போது திணறலா, விடும்போது திணறலா? டாக்டரிடம் இதைப் பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

ஜனக்புரி: மாஸ்கில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. பட்டையை எவ்வளவு இறுக்கலாம்?

பதில்: இறுக்கக் கூடாது. மாஸ்க் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிக்கான் மடிப்பு காற்றால் உப்பித்தான் முகத்தோடு ஒட்டுகிறது. இறுக்கினால் அது நசுங்கி, சுருக்கம் விழுந்து, இன்னும் கசியும். மூக்குத்தண்டில் புண்ணும் வரும். படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போது பட்டையைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்தால் ஒரு முகம், படுத்தால் கன்னம் சரிந்து வேறு முகம். கசிந்தால் மாஸ்கை ஒரு நொடி முன்னால் இழுத்து விடுங்கள், தானே உட்காரும். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுக்கிறவர்கள் முகம் கழுவிவிட்டு மாட்டுங்கள். எண்ணெய் வழுக்கும், வாஸலின் சிலிக்கானைக் கெடுக்கும். நெற்றியில் பட்டை விபூதி இருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

மயூர் விஹார், பெண், 58: எனக்கு மூக்குத்தி இருக்கிறது. முடியும் நீளம். கடையில் கொடுத்த மாஸ்க் இரண்டிலும் இடிக்கிறது. பெண்களுக்கும் இந்த வியாதி உண்டா என்று என் வீட்டுக்காரருக்கு இன்னும் சந்தேகம்.

பதில்: மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது நன்றாகவே கூடுகிறது. உங்களை மாதிரி வருகிறவர்கள் குறட்டை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. அசதி, காலையில் தலைவலி, ராத்திரி நாலு தடவை முழிப்பு என்றுதான் வருவார்கள். தைராய்டு பார், பி12 பார் என்று சுற்றவிட்ட பிறகுதான் எங்களிடம் அனுப்புவார்கள். வீட்டுக்காரரிடம் ரிப்போர்ட்டைப் படிக்கக் கொடுங்கள்.

மூக்குத்தி: நாசித் துவாரத்தில் செருகுகிற பில்லோ வகை உங்களுக்கு வேண்டாம், சரியாக அங்கேயே அழுத்தும். மூக்கை முழுக்க மூடும் நேசல் மாஸ்க் கேளுங்கள். ஒற்றைக்கல் என்றால் உள்ளே அடங்கிவிடும். எட்டுக்கல் பேசரி என்றால் ராத்திரி கழற்றத்தான் வேண்டும். முடியைக் கொண்டை போடாமல் தளர்வாகப் பின்னி, பின்பட்டைக்குக் கீழே தொங்கவிடுங்கள். கொண்டை இருந்தால் பட்டை அதன்மேல் ஏறி, முன்னால் மாஸ்க் இடம் மாறும்.

ரோஹிணி: லைஃப் பூரா போடணுமா? பழகிப் போய் அப்புறம் இல்லாமல் தூங்க முடியாமல் போய்விடுமா?

பதில்: கண்ணாடி போட்டால் கண் அடிமையாகிறதா? அதே கதைதான். எடை நன்றாகக் குறைந்தால் மறுபடி ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) செய்து பார்ப்பார்கள். சிலருக்கு மிஷின் தேவைப்படாமலே போகும்.

ஆர்.கே.புரம்: டிசம்பரில் டியூபுக்குள் களகளவென்று தண்ணீர். நேற்று மூக்கில் தெளித்து எழுந்துவிட்டேன். மிஷின் கெட்டுவிட்டதா?

பதில்: மிஷின் நன்றாக இருக்கிறது, டில்லிதான் இப்படி. தொட்டியிலிருந்து சூடும் ஈரமுமாகக் கிளம்பும் காற்று, 8 டிகிரி அறையில் கிடக்கும் டியூபில் குளிர்ந்து தண்ணீராகிறது. ஈரப்பத அளவை ஒன்றிரண்டு குறையுங்கள். டியூபை ரஜாய்க்குள் (பஞ்சுப் போர்வை) விட்டுக்கொள்ளுங்கள், அல்லது பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி அதற்கு உறை போடுங்கள். மிஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக ஒரு முக்காலியில் வையுங்கள். தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். சூடாகும் டியூப் தனியாகக் கிடைக்கிறது, முடிந்தால் வாங்கலாம். மங்கி கேப் போடுகிறவர்கள் முதலில் மாஸ்க், அதன்மேல் தொப்பி. மாற்றிப் போட்டால் பட்டை வழுக்கும். வெளிமூச்சுத் துளைகளைத் தொப்பி மூடக் கூடாது.

தண்ணீர்: டிஸ்டில்டு வாட்டர்தான். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு ராத்திரி அவசரத்துக்குப் பரவாயில்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ஒரே மாதத்தில் தொட்டியில் வெள்ளையாகப் படியும். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரி தண்ணீர் வேண்டாம், அது மூக்குக்காகச் செய்ததில்லை. தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

ஃபில்டர்: மாதம் ஒருமுறை என்று கையேட்டில் இருக்கலாம். கையேடு எழுதியவர் தீபாவளிக்கு அப்புறம் டில்லிக்கு வந்ததில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். மிஷின் பக்கத்தில் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் கூடாது.

பீதம்புரா: மாஸ்க் லீக் ஆகிறது. பட்டையை இன்னும் இறுக்கலாமா?

பதில்: ஜனக்புரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சித்தரஞ்சன் பார்க்: மேடம், சங்கு ஊதினால் ஸ்லீப் ஆப்னியா போய்விடும் என்று பேப்பரில் வந்ததே? இங்கே பெங்காலி வீடுகளில் சாயங்காலமானால் ஊதுகிறார்கள். இத்தனை காசு போட்டு மிஷின் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். செய்தி பொய்யில்லை. ஜெய்ப்பூரில் செய்த ஆய்வு, 2025-இல் வெளியானது. மிதமான ஆப்னியா உள்ள 30 பேர், பாதிப் பேருக்குச் சங்கு, மீதிப் பேருக்கு ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சி, ஆறு மாதம். சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மணிக்கு நாலைந்து மூச்சுத்தடை குறைந்தது. இதற்கு ஒரு அண்ணனும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீளக் குழலை ஊத வைத்து, சுவிட்சர்லாந்தில் 25 பேரிடம் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசுகூட அதற்கு 2017-இல் கிடைத்தது. தொண்டைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் அது தூக்கத்தில் சரிந்து வழியை அடைக்காது என்பதுதான் தத்துவம். நியாயமான தத்துவம்.

ஆனால் கணக்குப் போடுங்கள். மணிக்கு 18 இருப்பவருக்கு நாலைந்து குறைந்தால் லாபம்தான். முனிர்க்காகாரருக்கு 41-இல் ஐந்து போனால் 36. இன்னும் தீவிரம்தான். ஊதுங்கள், ஆனால் ஊதிவிட்டு மாஸ்கைப் போட்டுக்கொண்டு படுங்கள். ஒரு யோசனை: குவார்ட்டர்ஸில் விடிகாலையில் சங்கு ஊதினால் பக்கத்து வீட்டுத் தமிழர் மாலையோடு வந்து நிற்பார்.

சரோஜினி நகர்: சங்கு மங்கலப் பொருள். பெருமாள் கையில் இருப்பது. சாவோடு மட்டும் சேர்த்துப் பேசுவது சரியில்லை.

பதில்: கோயிலில் ஊதினால் மங்கலம், தெருவில் ஊதினால் யார் வீட்டில் என்று எட்டிப் பார்ப்போம். இரண்டும் நம் வழக்கம்தான் மாமா. நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொன்னேன், பெருமாளைப் பற்றி இல்லை.

கரோல் பாக்: அப்படியென்றால் நாதஸ்வரம் வாசிப்பவர்களுக்கு இந்த வியாதியே வராதா? எங்கள் பெரியப்பா வித்வான். அவர் குறட்டைக்கு ஓடு பிரிந்து வரும்.

பதில்: பெரியப்பாவை ஒரு ராத்திரி லேபுக்கு அழைத்து வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

துவாரகா: சங்கு விஷயத்தில் இவ்வளவு கணக்குப் பார்க்கிறீர்களே, 2016-இல் வந்த பெரிய ஆய்வு சிபேப் போட்டாலும் மாரடைப்பு குறையவில்லை என்றே சொல்லிவிட்டது. அதைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை? கம்பெனிக்காரன் வியாபாரம்தானே இது?

பதில்: திறக்கிறேன். சேவ் என்ற ஆய்வு. ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700 பேர் போல. ஆமாம், மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மாஸ்க் போட்டார்கள். மீதித் தூக்கம் மாஸ்க் இல்லாமல். பகலில் மிக அதிகமாகத் தூங்கி வழிகிறவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படியும் பகல் தூக்கமும் மனநிலையும் தேறின என்று அதே ஆய்வு சொல்கிறது. இதயத்துக்கு உத்தரவாதம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. என்னிடம் வருகிறவர்கள் காலையில் ரிங் ரோட்டில் ஸ்டீயரிங்கில் கண்ணசருகிறவர்கள். அவர்களுக்கு இது வேலை செய்கிறது, தினமும் பார்க்கிறேன். 3 மணி நேரம் போட்டுவிட்டுப் பலனில்லை என்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன்.

துவாரகா: அப்படியானால் சங்கையும் 2,700 பேரிடம் ஊதிப் பார்த்துவிட்டுத்தானே பேச வேண்டும்?

பதில்: நியாயம். அதுவரை மாஸ்க்.

வசந்த் குஞ்ச்: வீட்டுக்காரரின் மாஸ்கிலிருந்து வரும் காற்று என் கழுத்தில் ஊசியாகக் குத்துகிறது. அந்தத் துளைகளில் பிளாஸ்திரி ஒட்டலாமா?

பதில்: ஐயோ, கூடாது! அவர் விட்ட மூச்சு வெளியேறும் வழியே அதுதான். அடைத்தால் கரியமில வாயுவையே திரும்ப இழுப்பார். நடுவில் ஒரு தலையணை வையுங்கள், அல்லது அவரை மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள்.

நொய்டா: காலையில் வயிறு உப்பி, ஏப்பமாக வருகிறது.

பதில்: காற்றை விழுங்குகிறீர்கள். இடது பக்கம் சாய்ந்து, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்துப் பாருங்கள். தொடர்ந்தால் பிரஷரை டாக்டர் பார்க்க வேண்டும்.

குர்கான்: அமெரிக்காவிலிருந்து மச்சான் தன் பழைய மிஷினைக் கொடுக்கிறார். வாங்கலாமா?

பதில்: மாடலையும் சீரியல் நம்பரையும் பார்க்காமல் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை உதிர்கிறது என்று பிலிப்ஸ் 2021 ஜூனில் லட்சக்கணக்கான மிஷின்களைத் திரும்பப் பெற்றது. அப்படித் திரும்பிப் போகாமல் தப்பிய மிஷின்கள் இன்னும் அலமாரிகளில் தூங்குகின்றன. அது சரியாக இருந்தாலும், மச்சானின் பிரஷர் மச்சானுக்கு.

லோதி காலனி: அடுத்த மாதம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை. இரண்டு ராத்திரி. என்ன செய்வது?

பதில்: அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் ரயிலின் 110 வோல்ட் ஒத்துக்கொள்ளும். ஆனால் ராத்திரி 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்து வைப்பது என்று ரயில்வே 2021-இல் முடிவெடுத்தது. அதை நம்பிப் படுக்காதீர்கள். சிபேப் பேட்டரி வாங்குங்கள், ஈரப்பதத்தை அணைத்துவிட்டால் பேட்டரி அதிக நேரம் நிற்கும். தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் மிஷினைப் பையில் வைக்க வேண்டும். தண்ணீரோடு சாய்த்தால் மோட்டாருக்குள் போகும். விமானம் என்றால் கைப்பையில், பேட்டரியும் கூடவே.

கிழக்கு படேல் நகர்: சிலிக்கான் ஓரத்தில் லீக். பட்டையைக் கொஞ்சம்...

பதில்: இறுக்காதீர்கள்.

ஐ.என்.ஏ.: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. மாஸ்க் பட்டையில் காந்தக் கொக்கி வருகிறது. பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். காந்தம் இல்லாத கொக்கி உள்ள மாடலாக மாற்றச் சொல்லுங்கள். அவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுக்கிறவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே பதில்தான்.

சாணக்கியபுரி: சி.ஜி.ஹெச்.எஸ்.ஸில் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) மிஷினுக்குப் பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், உச்சவரம்பு உண்டு. வாங்குவதற்கு முன்னால் அனுமதி வாங்குங்கள், வாங்கிவிட்டுப் போய் நிற்காதீர்கள். மற்றதை உங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

சாகேத்: அம்மாவுக்கு அடுத்த வாரம் முழங்கால் ஆபரேஷன். சிபேப் போடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டுமா? சின்ன விஷயம் என்று விட்டுவிட்டோம்.

பதில்: இன்றைக்கே சொல்லுங்கள், முக்கியமாக மயக்க மருந்து டாக்டரிடம். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டைத் தசையைத் தளர்த்தும், மூச்சை மந்தமாக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று ராத்திரிதான் கவனம். மிஷினையும் மாஸ்கையும் பெயர் எழுதி ஒட்டிக் கூடவே எடுத்துப் போங்கள். ஸ்டடி ரிப்போர்ட்டின் நகலை ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். வார்டில் மாஸ்க் மாட்டத் தெரிந்த ஆள் ராத்திரி டியூட்டியில் இல்லாமல் போகலாம், அதனால் வீட்டில் ஒருவர் இன்றே பழகிக்கொள்ளுங்கள்.