டாரில் ஹால், ஜான் ஓட்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கப் பாப் இசை இணையரான ஹாலும் ஓட்ஸும் ஒரு துப்பாக்கிச் சூட்டின் நடுவே அறிமுகமானார்கள் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான்; இருவருமே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 1967இல் பிலடெல்பியாவின் அடெல்பி நடன அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு ஹால் 'டெம்ப்டோன்ஸ்' குழுவோடும் ஓட்ஸ் 'மாஸ்டர்ஸ்' குழுவோடும் வந்திருந்தார்கள். கூட்டத்தில் இரு கும்பல்கள் மோதிக்கொண்டு துப்பாக்கி வெடிக்கவே, தப்பிக்க ஓடிய இருவரும் ஒரே லிப்டுக்குள் போய் நின்றார்கள். இருவரும் டெம்பிள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பது அங்கே பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. இந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது துப்பாக்கியை அல்ல. தொடக்க நாளிலேயே இருவரும் பிலடெல்பியாவின் சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த உணர்ச்சிமிகு பாட்டு வகை) மேடையில் நின்றார்கள் என்பதைத்தான். அவர்களுடைய பிற்கால இசை முழுவதும் அந்த மண்ணிலிருந்து முளைத்தது.

கேள்வி: முதல் இசைத்தட்டுகள் தோல்வியா?

பதில்: விற்பனையில் தோல்வி, இசையில் அல்ல. அட்லாண்டிக் நிறுவனத்துக்காக ஆரிஃப் மார்டின் தயாரித்த இரண்டாவது தட்டான 'அபாண்டன்ட் லஞ்சனெட்' 1973இல் வந்தது. அதிலுள்ள 'ஷீஸ் கான்' 1974இல் அமெரிக்கப் பொதுப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 60ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதே ஆண்டில் டவாரஸ் என்ற கறுப்பினச் சகோதரர் குழு அதைப் பாடி, கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டு சென்றது. ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மாறிய பிறகு 1976இல் 'சாரா ஸ்மைல்' 4ஆம் இடத்தைத் தொட்டது. அந்த வெற்றியைக் கண்ட அட்லாண்டிக், 'ஷீஸ் கான்' பாட்டை மீண்டும் வெளியிட, அது 7ஆம் இடம் வரை ஏறியது. 1977இல் 'ரிச் கேர்ள்' அவர்களுடைய முதல் முதலிடப் பாடலானது.

கேள்வி: வெள்ளையர்கள் பாடும் சோல் என்ற பொருளில் இவர்களை 'நீலக்கண் சோல்' என்று வகைப்படுத்துவது சரியா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஹாலும் அந்தப் பெயரைக் கடுமையாக எதிர்த்துப் பேசியிருக்கிறார். பாடுபவரின் நிறத்தைக் கொண்டு இசைக்குப் பெயர் வைப்பது காதுக்குச் செய்யும் அநீதி. 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' 1982இல் பொதுப் பட்டியலில் மட்டுமன்றி ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம் பெற்றது. 1985 மே மாதம் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் அப்போலோ அரங்கு மீண்டும் திறக்கப்பட்டபோது, புகழ்பெற்ற சோல் குழுவான டெம்ப்டேஷன்ஸின் முன்னாள் பாடகர்களான டேவிட் ரஃபினும் எடி கெண்ட்ரிக்ஸும் இவர்களோடு சேர்ந்து பாடினார்கள். தாம் இளமையில் கேட்டு வளர்ந்த குரல்களோடு அதே மேடையில் நின்றது அவர்களுக்கு எப்படியிருந்திருக்கும் என்று அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: 1980க்குப் பிறகு அடுத்தடுத்து வெற்றி வந்தது எப்படி?

பதில்: 'வாய்சஸ்' தட்டிலிருந்து தயாரிப்புப் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டு, தங்கள் மேடைக் குழுவையே ஒலிப்பதிவுக் கூடத்திலும் வைத்துக்கொண்டார்கள். ஹாலின் அந்நாள் காதலி சாரா ஆலனும் அவருடைய தங்கை ஜேனா ஆலனும் பாட்டெழுதும் துணையாக அமைந்தார்கள். முன் சொன்ன 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' உருவான விதம் இதற்கு நல்ல சான்று. நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி கூடத்தில் ஒரு நாள் வேலை முடிந்த பிறகு, ஹால் ஒரு ரோலண்ட் தாள இயந்திரத்தில் ஏற்கெனவே இருந்த தாளத்தை ஓடவிட்டு, கோர்க் ஆர்கனில் அடிநாத (பேஸ்) வரியை வாசித்துப் பார்த்தார். ஓட்ஸ் கிட்டாரில் சேர்ந்துகொள்ள, பாட்டின் எலும்புக்கூடு அங்கேயே உருவாகிவிட்டது. அந்த அடிநாதத்தைத் தன் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டதாக மைக்கேல் ஜாக்சன் 1985இல் தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்று ஹால் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: ஓட்ஸ் வெறும் பின்பாட்டுக்காரர்தானே?

பதில்: இந்த எண்ணம் எனக்கு வருத்தம் தருகிறது. 'ஷீஸ் கான்' இருவரும் சேர்ந்து எழுதியது. 1982 டிசம்பரில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே நின்ற 'மேன்ஈட்டர்' ஓட்ஸின் மனத்தில் ஜமைக்காவின் ரெகே பாணிப் பாட்டாகத்தான் பிறந்தது. ஹால்தான் அதை டெட்ராய்ட்டின் சோல் இசை நிறுவனமான மோடவுனின் பாணித் தாளத்துக்கு மாற்றினார். ஒருவர் விதையிட, மற்றவர் பந்தல் போட்டார்.

கேள்வி: இப்போது ஏன் பிரிந்தார்கள்?

பதில்: 2023 நவம்பரில் ஹால் நாஷ்வில் நீதிமன்றத்தை அணுகினார். கூட்டு நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை ஓட்ஸ் பிரைமரி வேவ் என்ற இசை உரிமை நிறுவனத்துக்கு விற்க முயன்றதைத் தடுப்பதே அவர் நோக்கம். நீதிமன்றமும் விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலான உறவு சொத்து வழக்காக மாறியது வேதனைக்குரியது. யார் பக்கம் நியாயம் என்று நான் எழுத விரும்பவில்லை.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

பதில்: வெற்றிப் பாடல்களின் தொகுப்பை வாங்காமல் 'அபாண்டன்ட் லஞ்சனெட்' தட்டையே முழுமையாகக் கேளுங்கள். 'ஷீஸ் கான்' பாட்டின் பிற்பகுதியில் சுருதி படிப்படியாக உயர்ந்து, இரு குரல்களும் அதனோடு மேலேறும் இடத்துக்காகக் காத்திருங்கள்.