பாவித்த ட்ரம்பெட்: வந்த கடிதங்களும் பதில்களும்

கேள்வி (கல்லடி): பிரித்தானியக் கம்பனியான பூசி அன் ஹோக்ஸின் பழைய ட்ரம்பெட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, மாஸ்டர். 1910ஆம் ஆண்டுச் சாமானாம். படம் வைத்திருக்கிறேன். என்ன பெறும்?

பதில்: பூசியும் ஹோக்ஸும் ஒரு கம்பனியானதே 1930இல்தான். 1910இல் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விற்கிறவரிடமே கேளுங்கள். நீங்கள் வைத்த படத்தில் பெல், அதாவது முன்னால் விரிந்த வாய், மட்டும்தான் தெரிகிறது, அதுவும் தூரத்தில் நின்று எடுத்தது. மாட்டின் கொம்பைக் காட்டி எத்தனை போத்தல் பால் கறக்கும் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? பெரும்பாலும் நடு வால்வுக் கூட்டில் இருக்கும் இலக்கம், விரலால் அழுத்துகிற மூன்று வால்வுகளும் கழற்றியபடி, ஊதுகிற மவுத்பீஸ் செருகும் வாய்க்குழாயின் உட்புறம் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். பெல்லில் ‘ரீஜென்ட்’ என்றிருந்தால் அது மாணவர் ரகம். பழையதாக இருக்கலாம், அரியதல்ல.

கேள்வி (ஏறாவூர்): எனக்கு ஊதத் தெரியாது. வால்வு நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: நல்ல கேள்வி. முதலில் வால்வுகளைக் கழற்றி எண்ணெயைத் துடையுங்கள். தேய்ந்த வால்வுக்குத் தடித்த எண்ணெய் விட்டு விற்பது பழைய தந்திரம். துடைத்து மாட்டியபின், வால்வை அழுத்தாமல் அதன் சிலைடை (வெளியே இழுக்கக்கூடிய குழாயை) ஒரு அங்குலம் இழுத்துப் பிடித்து, பிறகு அழுத்துங்கள். ‘பொப்’ என்று சத்தம் வந்தால் சரி. வராவிட்டால் காற்று ஒழுகுகிறது. தேய்ந்த பிஸ்டனுக்கு (வால்வுக் கூட்டுக்குள் ஏறியிறங்கும் பகுதிக்கு) மறுபடி முலாம் ஏற்றிப் பொருத்துவது கராஜ் வேலையல்ல, செலவு பல வேளை ட்ரம்பெட் விலையையே தாண்டும். வால்வைக் கழற்றிப் பார்க்காமல் சல்லி கொடாதீர்கள்.

கேள்வி (கல்முனை): கறுத்துக் கிடந்த ட்ரம்பெட் ஒன்றை வாங்கி, புளியும் பிராசோ பொலிஷும் போட்டு, மெஷினிலும் பிடித்து வடிவாக மினுக்கிவிட்டேன். இனி நல்ல விலைக்குப் போகும்தானே?

பதில்: ஐயா, நீங்கள் விற்கப் போவது குத்துவிளக்கா?

இருபது வருடமாக இதையே சொல்லி வாய் உளைகிறது. பெல்லின் தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான். மெஷினில் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகிறது. எழுத்தும் இலக்கமும் மழுங்குகின்றன, விளிம்புகள் உருண்டு போகின்றன. சேகரிக்கிறவர்கள் கறுத்திருந்தாலும் கம்பனி போட்ட பூச்சுக்குத்தான் சல்லி கொடுப்பார்கள். மினுக்கியதும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பாவது போய்விடும் என்பது என் கணக்கு. வெள்ளி முலாம் என்றால் இன்னும் மோசம், தேய்த்த இடமெல்லாம் மஞ்சள் பித்தளை பல்லிளிக்கும். பிராசோவில் அராவும் தூள் இருக்கிறது. வால்வுக்கும் கூட்டுக்கும் நடுவே மயிரிழைக்கும் குறைந்த இடைவெளிதான். அதற்குள் அந்தத் தூள் போனால் அது தானாகவே அரைத்துக்கொண்டிருக்கும்.

வாங்குகிறவருக்கு இதில் வேறொரு ஆபத்தும் உண்டு. பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்த உலோகம். வருடக்கணக்கில் எச்சில் பட்டுப்பட்டு நாகம் கரைந்துபோக, செம்பு மட்டும் சல்லடைபோல் மிஞ்சும். வாய்க்குழாயில் நடுவே கருப்புப் பொட்டோடு செந்நிறப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான். உள்ளிருந்து வெளியே வருகிற அரிப்பு அது. மேலே மினுக்கினால் சில மாதம் கண்ணில் படாது, அவ்வளவுதான். நானும் ஒருமுறை பழைய சாமான் கடையொன்றில் பளபளப்பில் மயங்கி வாங்கினேன். வீட்டுக்கு வந்து டியூனிங் சிலைடை இழுத்து டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே களிம்பும் குழியும். மாரி வருமுன் அது வெளியே ஓட்டையாகிவிட்டது. வாய்க்குழாயை மாற்றலாம்தான், அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் வாங்க வேண்டும். நான் கழிக்கவில்லை.

விற்கும்போது மெஷின் பிடித்ததைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): மவுத்பீஸ் இறுகிவிட்டது. குறடு போட்டுத் திருப்பலாமா?

பதில்: கூடாது. அதைக் கழற்றவென்றே ஒரு கருவி இருக்கிறது, பாண்ட் மாஸ்டர் யாரிடமாவது இருக்கும். வாய்க்குழாய் முறுகியிருந்தால் யாரோ ஏற்கெனவே குறடு போட்டிருக்கிறார் என்று அர்த்தம், விலையைக் குறையுங்கள்.

கேள்வி (தாண்டவன்வெளி): அமெரிக்க பாக் கம்பனியின் ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ ட்ரம்பெட், 30,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். அதிர்ஷ்டமா?

பதில்: புதிது பல இலட்சம் போகும். பெல்லில் நியூயோர்க், மவுண்ட் வெர்னன், எல்க்ஹார்ட் என்று எந்த ஊர் வெட்டியிருக்கிறது? பாக் கம்பனி மவுண்ட் வெர்னனுக்குப் போனது 1953இல், செல்மர் என்ற இன்னொரு வாத்தியக் கம்பனி அதை வாங்கியது 1961இல். அந்த இடைக்காலத்துச் சாமானுக்கு இன்றும் ஆட்கள் அலைகிறார்கள். எழுத்து பிழையாகவோ மேலோட்டமாக அச்சடித்ததாகவோ இருந்தால் எவரோ பெயரை மட்டும் போட்டிருக்கிறார். இந்தியாவில் மீரட்டில் நிறையப் பித்தளை வாத்தியங்கள் செய்கிறார்கள். அதில் தப்பொன்றுமில்லை, மீரட் விலைக்கு வாங்கினால் சரி. வால்வைக் கழற்றிப் பாருங்கள் என்று திரும்பவும் சொல்கிறேன்.

கேள்வி (நாவலடி): 2004 சுனாமியில் நனைந்து பெட்டியிலேயே கிடந்தது. எடுக்கலாமா?

பதில்: நான்கு சிலைடும் கையால் அசைந்தால் பார்க்கலாம். ஸ்பிரிங்கும் ஆணியும்தான் துருப்பிடித்திருக்கும், மாற்றுவது மலிவு. உப்பு ஏறி சிலைடுகள் இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): மகன் பாடசாலை பாண்டில் சேர்ந்திருக்கிறான். வின்டேஜ் ஒன்று வாங்கிக் கொடுத்தால் மதிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: யாருக்கு மதிப்பு, அவனுக்கா உங்களுக்கா? பாவித்த யமஹா மாணவர் ரகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பழைய பிரித்தானிய வாத்தியங்களில் சில இன்றையதைவிட உயர்ந்த சுருதிக்குச் செய்தவை, சிலைடை முழுக்க இழுத்தாலும் மற்றப் பிள்ளைகளோடு சேராது. பிள்ளைக்கு ஏச்சு விழும். பழையதுதான் வேண்டுமென்றால் அமெரிக்க ஓல்ட்ஸ் அம்பாசடர் கிடைத்தால் எடுங்கள், உறுதியான சாமான். பார்க்கப் போகும்போது போனில் சுருதி காட்டும் ஒரு டியூனரும், கையில் டோர்ச்சும், எண்ணெய் துடைக்கப் பழந்துணியும் இருக்கட்டும்.