பல்லடத்தில் தொட்டி கட்டிக் கடல் மீன் வளர்க்க முடியுமா?

பல்லடம் அருகே இரண்டு ஏக்கர் நிலமும் ஓர் ஆழ்துளைக் கிணறும் இருக்கின்றன, தொட்டி கட்டிக் கடல் மீன் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காங்கேயம் பக்கம் பண்ணைக் குட்டையில் ஆறு ஆண்டுகளாக மீன் வளர்த்து வருகிறேன். வளர்க்க முடியும் என்பதே என் பதில். ஆனால் கழிக்கும் உப்புநீரை எங்கே விடுவது என்பதற்கு விடை கிடைக்கும்வரை தொட்டிக்கு வானம் தோண்டாதீர்கள்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அப்படியானால் 50,000 லிட்டர் தொட்டிக்கு 1,750 கிலோ வேண்டும். அதுவும் வெறும் சமையல் உப்பாக இருந்தால் போதாது, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். மீன் செவுள் வழியே வெளியேற்றும், மீனுக்கே நஞ்சான அம்மோனியாவை, பயோ ஃபில்டர் என்னும் வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை நிலைபெறச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டுக் குஞ்சு விட்டால் அத்தனையும் செத்து மிதக்கும். நைட்ரேட்டோ நீரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். அதைக் குறைக்க நாளும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், தினம் 175 கிலோ உப்பு உங்கள் நிலத்தை நோக்கிப் போகும். திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் எப்படிப் பாழாக்கியது என்பதையும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போனதையும் கண்ணால் கண்டவர்கள் நாம். அதே தவற்றை மீனுக்காகவும் செய்யக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

எனவே நன்னீரில் தொடங்குங்கள். பத்து சென்ட் குட்டையில் மேல்மட்டத்துக்குக் கட்லா, நடுமட்டத்துக்கு ரோகு, அடிமட்டத்துக்கு மிர்கால் என்று விட்டால், ஒன்றின் இரையில் மற்றொன்று அதிகம் கை வைக்காது. நான் பட்ட பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தது. பகலில் பாசி உண்டாக்கும் ஆக்சிஜன் குறைந்துபோக, இரவில் அந்தப் பாசியே இருந்ததையும் சுவாசித்துத் தீர்த்துவிட, விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு நீர்மட்டத்துக்கு வந்துவிட்டன. மோட்டாரைப் போட்டு நீரை மேலிருந்து கொட்ட விடுவதற்குள் கட்லாவில் பாதி போய்விட்டது. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் மின்சாரம் நின்றால் இவ்வளவு அவகாசம்கூடக் கிடைக்காது. ஜெனரேட்டர் இல்லாமல் அதில் இறங்கவே வேண்டாம்.

இரண்டு அறுவடை பார்த்த பிறகும் கடல் மீன் ஆசை விடவில்லை என்றால், கொடுவா மீனை எண்ணிப் பாருங்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இதன் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. முட்டையிட இதற்குக் கடல்நீர் வேண்டும். குஞ்சுகளையோ உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து நன்னீருக்குப் பழக்கிவிடலாம். ஆனால் பெரிய குஞ்சு சிறியதை விழுங்கிவிடும் என்பதால், தொடக்க மாதங்களில் அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்து விட வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு வீட்டில் பொறுப்பான ஒருவர் இருக்கிறாரா என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.