லால்பாக் நடையில் தொடங்கிய செஷல்ஸ் குருவிக் கதை: கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் லால்பாக் பூங்காவின் பாறைக்குப் பக்கத்தில் ஒரு குண்டுக்கரிச்சான் மர உச்சியில் உட்கார்ந்து விடாமல் பாடிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் ஒரு பங்காளி உண்டு, ஒரு காலத்தில் பதினைந்துக்குள் சுருங்கிப்போனது என்று சொன்னேன். அங்கே கேட்டதும் வீட்டுக்குப் போனபின் கேட்டு அனுப்பியதுமாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, அதுவும் நம்மூர்க் குருவியும் ஒன்றுதானா? (அல்சூரிலிருந்து)

ஒரே பேரினம், வேறு வேறு இனம். நம் ஆண் குருவிக்கு வயிறு வெள்ளை. செஷல்ஸ் குருவிக்கு ஆணும் பெண்ணும் நீலம் மின்னும் கறுப்பு, இறக்கையில் மட்டும் வெள்ளைப் பட்டை. எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் வேறு: நம்முடையது ஒரு ஈட்டுக்கு நாலைந்து முட்டை இடும், அது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஒரு குஞ்சு போனால் அந்தக் கூட்டின் உழைப்பு மொத்தமும் போயிற்று.

அவ்வளவு குறையும்படி என்ன நடந்தது?

தென்னைக்காகக் காட்டை வெட்டினார்கள். கப்பலோடு எலி வந்தது, மனிதரோடு பூனை வந்தது. இந்தக் குருவி தரையில்தான் இரை தேடும். அலகால் சருகைப் புரட்டிப் போட்டு, கீழே ஓடுகிற வண்டையும் பல்லியையும் கொத்தும். ராட்சத ஆமை நகரும்போது அதன் பின்னாலேயே போகும். நம்மூரில் ஏர் ஓட்டும்போது பின்னாலேயே கொக்கு வருமே, அப்படி. பூனையைப் பார்த்து ஓட அதற்குத் தலைமுறை தலைமுறையாகத் தேவையே இருந்ததில்லை. 1960களின் நடுவில் ஃப்ரிகேட் என்ற ஒரே தீவில் 12 முதல் 15 வரைதான் மிஞ்சின. இரண்டு லால்பாக் அளவுதான் அந்தத் தீவு.

அங்கிருந்து எப்படி மீட்டார்கள்?

பொறுமையாக, வீட்டு வேலை போல. 1980களின் தொடக்கத்திற்குள் பூனைகளை ஒழித்தார்கள். 1990இல் பேர்ட்லைஃப் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. கூட்டுப் பெட்டி கட்டினார்கள், கூடுதல் இரை வைத்தார்கள், நாட்டு மரங்களை நட்டார்கள், பூச்சிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து தின்ற பூச்சியைத்தானே குருவி தின்கிறது!

அடுத்த வேலை, எல்லாவற்றையும் ஒரே தீவில் வைக்காமல் பிரித்தது. 1990களின் நடுவில் கசின், கசீன் தீவுகளுக்கும், 2002இல் அரிடேவுக்கும், 2008இல் டெனிஸுக்கும் குருவிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். கசின் தீவு 29 ஹெக்டேர்தான், லால்பாக்கில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பிரித்தது எவ்வளவு சரி என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது: அதுவரை எலி இல்லாத ஃப்ரிகேட்டுக்குள் 1995இல் எலி நுழைந்தது. 2000இல் விஷம் வைத்து எலியை ஒழித்தபோது, குருவிகளைப் பிடித்துக் கூண்டில் பாதுகாத்தார்கள்.

மைனாவும் எதிரி என்கிறார்களே, நம்ம மைனாவா?

நம்ம மைனாவேதான். மனிதர்கள் கொண்டுபோய் விட்டது. மரப்பொந்துக்குப் போட்டி போடும், கூட்டையும் கலைக்கும். ஃப்ரிகேட்டில் அதை முழுக்க அகற்றினார்கள். மைனா மேல் தவறில்லை, ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை.

கூண்டில் வளர்த்துப் பெருக்கினால் சுலபம் இல்லையா? (கல்லூரி மாணவர்)

தம்பி, கூண்டோ காடோ, உதவியிலும் அளவு வேண்டும். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கருப்பு ராபின் என்ற குருவி 1980இல் ஐந்தே ஐந்தாகிவிட்டது. அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பெண் ஒன்றுதான். 'ஓல்ட் புளூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த இனம் பிழைத்தது. ஆனால் சில பெண் குருவிகள் முட்டையைக் கூட்டின் விளிம்பில் இட்டன. காப்பாற்ற வந்தவர்கள் அதை எடுத்து உள்ளே வைத்தார்கள். தானாக விட்டிருந்தால் வீணாகியிருக்கும் முட்டைகள் பொரிந்து, அந்தப் பழக்கமும் பரம்பரையாகப் பரவியது. 1980களின் முடிவில் பாதிக்கு மேற்பட்ட பெண் குருவிகள் விளிம்பில் இட்டன. தள்ளி வைப்பதை நிறுத்திய பிறகுதான் குறைந்தது. முட்டையைத் தள்ளிவைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து குருவிதான் மிச்சம் என்றால் என் கையும் சும்மா இருக்காது.

அந்தமானில் இப்படி ஏதாவது உண்டா?

அந்தமான் ஷாமா என்ற குருவி உண்டு, இதே பேரினம், உலகில் வேறெங்கும் கிடையாது. நல்லவேளை, ஆபத்துப் பட்டியலில் இல்லை.

பெங்களூரில் இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்வது? (ஜெயநகர் அம்மா)

சருகைக் கூட்டி எரிக்காதீர்கள், அம்மா. செஷல்ஸ் குருவிக்குச் சோறு போட்டது எதுவோ அதுதான் நம் குண்டுக்கரிச்சானுக்கும்: ஈரச் சருகும் அதன் அடியில் இருக்கும் புழுவும். எங்கள் குடியிருப்பில் மதில் ஓரம் பத்தடிக்குச் சருகைக் கூட்டாமல் விடும்படி வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். கொசு வரும் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். தேங்கின தண்ணீரில்தான் கொசு முட்டையிடும், சருகில் இல்லை என்று சொல்லி, தண்ணீர் நிற்கிற உடைந்த தொட்டிகளை நானே அப்புறப்படுத்தினேன். இப்போது காலை ஆறு மணிக்கு ஒரு ஜோடி இறங்குகிறது. பெண் குருவி வாலை நிமிர்த்திக்கொண்டு இரண்டு தத்து தத்தும், நிற்கும், தலையைச் சாய்க்கும், ஒரு இலையைப் புரட்டும். நீங்கள் இந்த வாரமே ஒரு மூலையை விட்டுப் பாருங்கள். ஏதாவது வந்தால் எனக்கு எழுதுங்கள்.