மாநகரசபை மண்டபத்தில் குடிவகை வைக்க ஏன் இத்தனை நிபந்தனை?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பாவின் 60ஆவது பிறந்தநாளுக்கு ஒன்ராறியோவில் ஒரு மாநகரசபை மண்டபம் எடுத்திருக்கிறீர்கள். குடிவகை வைப்பதென்றால் பெர்மிற் (மது பரிமாறுவதற்கான அனுமதி), 2 மில்லியன் டொலர் காப்புறுதி, ஸ்மார்ட் சேர்வ் (பொறுப்பாக மது பரிமாறும் பயிற்சி) படித்த ஆட்கள் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். வீட்டில் செய்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, மண்டபத்தில் மட்டும் ஏன், மாநகரசபை தன்னைக் காப்பாற்றத்தானே இதெல்லாம்?

ஓம், தன்னைக் காப்பாற்றத்தான். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சமூக மண்டபத்தில் 9 வருடம் மாலைநேரப் பொறுப்பாளராக இருந்தவன் நான். எதிலிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் கோபம் பாதியாகக் குறையும்.

முதலில் காசு. ஒரு விபத்துக்கு இரண்டு மூன்று தரப்பு பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னால், பிழை ஏதும் செய்யாத ஒருவர் தன் முழு நட்டஈட்டையும் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் அறவிடலாம். இங்கே கார் காப்புறுதியின் சட்டப்படியான குறைந்த தொகை 2 இலட்சம் டொலர். முள்ளந்தண்டு முறிந்த ஒரு இளைஞருக்கு வாழ்நாள் பராமரிப்புக்கே மில்லியன் கணக்கில் தேவைப்படும். குடித்துவிட்டு ஓட்டியவரில் 99 வீதம் பிழை, மண்டபத்தில் 1 வீதம்தான் என்று தீர்ப்பு வந்தாலும், அவரால் கட்ட முடியாத மிச்சம் மாநகரசபையின் தலையில் விழலாம். அது உங்கள் வீட்டு வரியிலிருந்து போகிற காசு.

வீட்டு விருந்துக்கு நிலைமை வேறு. விருந்தாளி குடித்துவிட்டுப் போய் வீதியில் இன்னொருவரை இடித்தால், வீட்டுக்காரருக்குப் பொதுவாக அந்த மூன்றாம் ஆளிடம் பொறுப்பு இல்லை என்று 2006இல் கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூங்காவில் குடிக்கலாம்தானே என்று சிலர் கேட்பார்கள். ரொறன்ரோ 2023இல் 27 பூங்காக்களில் அதைச் சோதனையாக அனுமதித்தது உண்மை. ஆனால் அங்கே அவரவர் கொண்டுவந்து குடிக்கிறார்கள். மண்டபத்தில் பரிமாறுவது நீங்கள். பெர்மிற்றில் கையெழுத்தும் உங்களுடையது.

இந்த விஷயத்தில் எல்லோரும் அறிய வேண்டிய தீர்ப்பு 1973இல் வந்தது. ஒன்ராறியோவில் ஜோர்டன் ஹவுஸ் என்ற ஹோட்டலில், வழக்கமாக வந்து குடிக்கும் ஒருவருக்கு வெறி கூடிவிட்டது. அவரை இரவில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போனவரைக் கார் இடித்தது. நீதிமன்றம் பழியை மூன்றாகப் பிரித்தது: அவருக்கு ஒரு பங்கு, கார் ஓட்டியவருக்கு ஒரு பங்கு, ஹோட்டலுக்கு ஒரு பங்கு. கதவுக்கு வெளியே விட்டவுடன் பொறுப்பு முடியவில்லை. அவருடைய நிலை தெரிந்த பிறகு, பாதுகாப்பாக வீடு சேர வழி செய்திருக்க வேண்டும்.

எனக்கு இது தாளில் படித்த விஷயம் மட்டும் இல்லை. ஒரு பெப்ரவரி சனிக்கிழமை, இரவு பதினொன்றரை. ஒரு பிறந்தநாள் விழா முடிகிற நேரம். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர் கோட் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பொத்தான்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தன. கையில் கார்த் திறப்பு.

"அண்ணை, திறப்பைத் தாங்கோ, டாக்சி கூப்பிடுறன்" என்றேன்.

"தம்பி, அஞ்சு நிமிஷந்தான் வீடு" என்றார்.

பெர்மிற் எடுத்தவர் அவருடைய மருமகன். பக்கத்திலேயே நின்றார், ஆனால் மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பையனின் அம்மா வந்து, ஒன்றும் பேசாமல் அவர் கையிலிருந்த திறப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டார். "நாளைக்கு வந்து சாப்பிட்டுட்டு எடுத்துக்கொண்டு போங்கோ, அண்ணா." அவ்வளவுதான். அவர் போய் ஒரு கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு பாரில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவருக்கு இரண்டு பியர்தான் கொடுத்திருக்கிறார், அந்தப் பெண்ணில் ஒரு பிழையும் இல்லை. மிச்சமெல்லாம் வாகனத் தரிப்பிடத்தில், கார் டிக்கியைத் திறந்து வைத்துக் குடித்தது. நம்முடைய விழாக்களில் இது நடக்காத நாள் குறைவு, உங்களுக்கும் தெரியும். ஆனால் தரிப்பிடமும் மாநகரசபைக் காணிதான். உங்கள் பெர்மிற் அதற்குச் செல்லாது. வெளியிலிருந்து கொண்டுவந்த போத்தலுக்கும் செல்லாது. அந்தப் பெர்மிற்றைக் காட்டி எல்சிபிஓ (ஒன்ராறியோ அரசின் மதுக்கடை) போன்ற அனுமதி பெற்ற கடைகளில் வாங்கியதைத்தான் பரிமாறலாம், ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

மாநகரசபைகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மதுக் கொள்கை என்று அழகாக எழுதி வைப்பார்கள்: வாசலில் ஆள், ஒரு தடவைக்கு இத்தனை குடிவகை ரிக்கெற்தான், பதின்ம வயதினர் விழாவுக்கு மது இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள இரவு ஒரே ஒரு ஊழியரைத்தான் விடுவார்கள். எழுதி வைத்துவிட்டுச் செய்யாமல் விட்டால், வழக்கில் அந்தத் தாளே எதிர்த்தரப்புக்குச் சாட்சி. ஆபத்து தெரிந்துதானே எழுதினீர்கள், பிறகு ஏன் செய்யவில்லை என்றுதான் முதல் கேள்வி வரும். நான் மேலிடத்துக்கு இதை மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன்.

சரி, உங்கள் விழாவுக்கு வருவோம். பாருக்கு ஆள் தேடும் முன் வாசலுக்கு இரண்டு பேரைப் பிடியுங்கள். அன்று ஒரு துளியும் குடிக்காதவர்கள், மூத்தவர்களே மறுத்துப் பேசத் தயங்கும் ஆட்கள். பத்தொன்பது வயதுப் பையன்களை நிறுத்தாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பெரியம்மாவோ அத்தையோ நின்றால் பாதுகாவலரை விட நல்லது. ஒருவர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தரிப்பிடத்தைச் சுற்றி வரட்டும். பெர்மிற் நேரம் முடிந்து 45 நிமிடத்துக்குள் போத்தல், கிளாஸ் எல்லாம் எடுத்துவிட வேண்டும். அதனால் ஒரு மணித்தியாலம் முன்பே பாரை மூடிவிட்டு, கொத்து ரொட்டியைச் சுடச்சுட வையுங்கள். கடைசி ரவுண்ட் என்று மைக்கில் அறிவிக்க வேண்டாம், எல்லோரும் ஓடி வந்து இரண்டு இரண்டாக எடுப்பார்கள்.

தனிப்பட்ட விழாவுக்கான பெர்மிற்றுக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக விண்ணப்பியுங்கள். காப்புறுதிச் சான்றிதழில் மாநகரசபையின் முழுச் சட்டப் பெயரும் மேலதிகக் காப்புறுதிதாரராக, அதாவது உங்கள் காப்புறுதி சேர்த்துப் பாதுகாக்கும் தரப்பாக, இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விழாவுக்கு முதல்நாள் அதைத் திருத்தப் போய், குடிவகை இல்லாமலே நடந்த ஒரு கல்யாண வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.